பழைய டர்போ காருக்கு இசியூ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சினுக்குப் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் கணினிப் பெட்டிதான் இசியூ. எந்த இசியூ வாங்கலாம் என்று கேட்பவரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இப்போது காரில் இருக்கிற இசியூவைத் திறந்து பார்த்தீர்களா?

1990 முதல் 1994 வரை வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ் டர்போவை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து நார்மல் என்ற ஊரில் தயாரான கார். இரண்டு லிட்டர் 4ஜி63 எஞ்சின். லான்சர் எவலூஷன் ஒன்பதாம் பதிப்பு வரை ஓடிய அதே எஞ்சின் குடும்பம் இது. இந்தக் காரின் இசியூவில் இருக்கும் சின்ன உருளைக் கெபாசிட்டர்கள் வயதானால் கசியும். மூடியைக் கழற்றியதும் மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை அடித்தால் கதை புரிந்துவிடும். பலகையைச் சாய்த்துப் பார்த்தால் கெபாசிட்டரின் காலடியில் பிசுபிசுப்பும், பக்கத்துச் செப்புத் தடத்தில் பச்சைப் பூப்பும் தெரியும். ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்குவது, சில நாள் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிப்பது எல்லாம் இதனாலும் வரும். சில ரூபாய் பெறும் பாகம் பழுதானதற்கு லட்சக்கணக்கில் புது இசியூ வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கி அனுப்பும் காற்று, வழியில் கசிவதும் இதே வகைக் கோளாறுதான். டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, கம்ப்ரஸரால் மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். இன்டர்கூலர் ரப்பர் குழாய், த்ராட்டில் பாடியின் தண்டு சீல், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஆகியவற்றைக் கட்டாயம் பாருங்கள். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ளே வந்த காற்றை ஏற்கெனவே எண்ணிவிட்டது. அது வழியில் கசிந்தாலும் இசியூ முழுக் கணக்குக்கே பெட்ரோல் ஊற்றும். இப்படி ஓட்டையோடு ட்யூன் செய்தால், பின்னாளில் ஓட்டையை அடைத்ததும் இசியூவில் எழுதிய மேப், அதாவது பெட்ரோல், டைமிங் அட்டவணைகள், அத்தனையும் தப்பாகிவிடும்.

சரி, கார் ஆரோக்கியமாக இருக்கிறது. அடுத்த தவறு, விலை குறைவு என்று, அசல் இசியூவை அப்படியே விட்டு அதற்குப் போகும் ஏர்ஃப்ளோ சிக்னலை மட்டும் வளைக்கிற பிக்கிபேக் பெட்டியை வாங்குவது. இதில்தான் அதிகம் பேர் பிஸ்டனை இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எக்லிப்ஸின் மேனுவல் கியர் டர்போ மாடலில் வந்தது நிமிடத்துக்கு 450 சிசி பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர். அதை எடுத்துவிட்டு 660 சிசி போடுகிறீர்கள். இசியூவுக்கு இது தெரியாது, பழைய நேரத்துக்கே திறக்கும், பெட்ரோல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கொட்டும். பிக்கிபேக் என்ன செய்கிறது? வருகிற காற்றை 68 சதவீதமாகக் குறைத்து இசியூவிடம் சொல்கிறது. பெட்ரோல் கணக்கு சரியாகிவிடும். ஆனால் ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்ற இக்னிஷன் டைமிங்கையும் இசியூ அதே காற்றுக் கணக்கை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. எஞ்சினுக்கு லோடு குறைவு என்று நம்பி ஸ்பார்க்கை இன்னும் முன்னதாகக் கொடுக்கும். சிலிண்டருக்குள் இருப்பதோ முழு பூஸ்ட். நாக், அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிப்பது, ஆரம்பித்துவிடும். நாக் சென்சார் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றப் பார்க்கும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதோடு, காற்று அளவு மீறினால் பெட்ரோலை வெட்டி எஞ்சினைக் காக்கும் ஃபியூயல் கட் என்ற வேலியும் இந்தப் பொய்க் கணக்கால் எட்டத் தள்ளிப் போய்விடுகிறது. வெளியில் பார்த்தால் கார் அருமையாக இழுக்கும், அதுதான் ஆபத்து.

பெட்ரோல், டைமிங் இரண்டு அட்டவணையையும் நேரடியாகத் திருத்தக்கூடிய வழியையே தேர்ந்தெடுங்கள். ஒன்று, அசல் இசியூவின் மெமரி சிப்பை மாற்றித் திருத்துவது. எல்லா இசியூவிலும் அப்படி மாற்றக்கூடிய சிப் இருக்காது, பலகையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இன்னொன்று, அசல் இசியூவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் போடும் முழு ஸ்டாண்டலோன் இசியூ. 300 குதிரைத்திறனுக்குள் அன்றாடம் ஓட்டுகிற காருக்கு முதல் வழியே போதும் என்பது என் உறுதியான கருத்து. குளிர் காலை ஸ்டார்ட்டிங், ஏசி போட்டதும் ஐடிலைத் தூக்குவது எல்லாம் தொழிற்சாலை பார்த்துப் பார்த்துச் செய்து வைத்த வேலை. ஸ்டாண்டலோனில் அதையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இன்ஜெக்டர் அளவை நண்பர் சொன்னார் என்று வாங்காதீர்கள், கணக்குப் போடுங்கள். டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். 300 என்றால் 180 பவுண்டு. நான்கு இன்ஜெக்டர், 80 சதவீத டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) என்று வகுத்தால் ஒவ்வொன்றும் சுமார் 56 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 590 சிசி. அப்புறம் இன்ஜெக்டரின் மின்தடையை, அதாவது ஓம்ஸைப் பாருங்கள். இந்தக் காரில் வந்தவை இரண்டு மூன்று ஓம்ஸ் உள்ள லோ இம்பீடன்ஸ் வகை, ரெசிஸ்டர் பேக் வழியாக ஓடுகின்றன. ஹை இம்பீடன்ஸுக்கான ஸ்டாண்டலோனில் இவற்றை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால், இசியூவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் கருகும்.

இன்டேக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சாரிலும் ஒரு கண்ணி உண்டு. இது அட்டவணை மேப் அல்ல. அது காட்டுவது வெளிக் காற்றழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம். 1.2 பார் பூஸ்ட் என்றால் சென்சாருக்கு அது 2.2 பார். 2 பார் சென்சார் வாங்கியவருக்கு, எஞ்சினுக்கு மிக ஆபத்தான இடத்தில் அது உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைப் பரந்த எல்லையில் அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமலும் ட்யூனிங்கில் இறங்காதீர்கள். காரோடு வந்த நேரோபேண்ட் 14.7 விகிதத்தைச் சுற்றித்தான் நம்பும்படி பேசும். பூஸ்டில் நமக்கு வேண்டியதோ 11 முதல் 11.5 வரை.

பெட்டியை வாங்கிவிட்டு ட்யூனரைத் தேடுவது தலைகீழ் வேலை. உங்கள் ஊரில் டைனோ (காரை நிறுத்தியபடியே ஓட்டிக் குதிரைத்திறன் அளக்கும் இயந்திரம்) வைத்திருப்பவர் எந்த இசியூவில் கை தேர்ந்தவரோ அதை வாங்குங்கள், அம்சப் பட்டியலில் அது இரண்டாம் இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. வயரிங்குக்கும் டைனோ நேரத்துக்கும் பணத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். அமெரிக்காவில் 1996 மாடலோ அதற்குப் பிந்தையதோ ஆன கார் என்றால், காரின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி-2 போர்ட் வேலை செய்ய வேண்டும். அதை ஸ்டாண்டலோன் முடக்கினால், புகைச் சோதனை உள்ள மாநிலங்களில் கார் தேறாது.

இசியூவோடு வரும் பேஸ் மேப் எஞ்சினை ஸ்டார்ட் செய்யத்தான், பூஸ்டில் ஓட்ட அல்ல. ஸ்டார்ட் ஆனதும் திரையில் டைமிங்கை 5 டிகிரியில் பூட்டிவிட்டு, கிராங்க் புல்லியில் டைமிங் லைட் அடித்துப் பாருங்கள். திரையில் 5, புல்லியில் 12 என்று நின்றால், அந்த ஏழு டிகிரி மேப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒளிந்திருக்கிறது. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்வரை காரை டைனோவில் ஏற்றாதீர்கள்.