மலம் போவதில் மாற்றம் நீடிக்கிறதா? ஓபிடி துண்டிலிருந்து கொலனோஸ்கோபி வரை

மலத்தோடு இரத்தம் போனால் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் சொல் மூலம். அடுத்தது சூடு. இளநீர் குடி, கோழியை நிறுத்து, பாமசியில் ஒரு ஒயின்ட்மென்ட் வாங்கிப் பூசு என்பார்கள். பலருக்கு அது மூலமாகத்தான் இருக்கும். ஆனால் மூலம் உள்ள ஒருவருக்குப் பெருங்குடலில் வேறொன்றும் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எனக்கு மூலமும் இருந்தது, அதற்கு மேலே ஒரு பொலிப்பும் (குடலின் உட்சுவரில் வளரும் சின்னச் சதை) இருந்தது. கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கமெராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்யும்போதே அதை எடுத்துவிட்டார்கள். பொலிப் எல்லாம் புற்றுநோய் இல்லை. சில வகை மட்டும் பல வருடங்களில் அப்படி மாறும். அந்த இடைவெளிக்குள் பிடித்துவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். மட்டக்களப்பு, அம்பாறை பக்கம் இருப்பவர்கள் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நாள் கடத்தக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எப்போது போக வேண்டும்

வழமைக்கு மாறான வயிற்றோட்டமோ மலச்சிக்கலோ மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் போங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் நிறை குறைவது, போன பிறகும் முழுதாகப் போகாத உணர்வு, இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றோட்டம் இருந்தால் மூன்று வாரமும் பார்க்க வேண்டாம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தால், குளிசையோடு விடாமல் குடலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மலம் தார் போலக் கறுப்பாகப் போய்த் தலைசுற்றினாலோ, இரத்தம் நிற்காமல் போனாலோ, வயிறு ஊதி வாந்தியோடு காற்றும் பிரியாமல் நின்றாலோ கிளினிக் திகதி பார்க்காதீர்கள். 1990 என்ற எண்ணுக்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இலவசம்.

2. ஒரு சின்னக் கொப்பி

போனில் இதற்கு ஆப் எல்லாம் இருக்கிறது. எனக்குக் கொப்பிதான் பிடிக்கும், டொக்டரின் கையில் அப்படியே கொடுத்துவிடலாம். திகதி, எத்தனை தடவை, இறுக்கமா தண்ணியா, இரத்தம் இருந்ததா, இருந்தால் சிவப்பா கறுப்பா, மலத்தோடு கலந்திருந்ததா பிறகு சொட்டியதா என்று எழுதுங்கள். மலத்தின் தன்மையை 7 வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணைப் படம் இணையத்தில் கிடைக்கும். அந்த எண்ணை எழுதினால் விவரிக்கும் கூச்சம் பாதி குறையும். குடிக்கும் மருந்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும்.

ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) சனம் நிறைந்திருக்கும், உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். "வயிறு சரியில்லை" என்றால் காஸ் குளிசை எழுதித் தருவார்கள், அந்த வார்த்தைக்கு அதுதான் கிடைக்கும். "டொக்டர், ஒன்றரை மாதமாக மலத்தோடு இரத்தம் கலந்து போகுது, நிறையும் குறைஞ்சிருக்கு, அப்பாவுக்குக் குடலில் கேன்சர் இருந்தது" என்று உட்கார்ந்தவுடனே சொல்லுங்கள்.

3. எங்கே போவது

பக்கத்திலுள்ள பிரதேச வைத்தியசாலையின் ஓபிடியே போதும். அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, அம்பாறைக்கோ, கல்முனைக்கோ சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். அரச வைத்தியசாலையில் பரிசோதனைக்குக் காசு இல்லை. அவசரமானால் தனியாரில் காசு கட்டி சனல் பண்ணி சேர்ஜனிடம் காட்டிவிட்டு அரச கிளினிக்குக்கே திரும்பலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தனியார் லாப்களில் விற்கும் 'ஃபுல் பொடி செக்கப்' பக்கேஜை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வரும் சிஇஏ என்ற இரத்தப் பரிசோதனை குடல் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டுபிடிப்பதற்கானது அல்ல. அது சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

டொக்டர் கையுறை போட்டு விரல் விட்டுப் பார்ப்பார், ஒரு நிமிடம்கூட ஆகாது. பெண்கள் பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம், அல்லது ஒரு தாதி பக்கத்தில் நிற்கக் கேட்கலாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனையும் சொல்வார்கள். அதில் எஃப்ஐடி என்ற வகைக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை, பழைய வகைக்கு இறைச்சியை நிறுத்த வேண்டிவரும். கண்ணால் இரத்தத்தைப் பார்த்தவர்கள் 'நெகட்டிவ்' என்ற ஒரு தாளோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

4. குடலைச் சுத்தமாக்குவது

கொலனோஸ்கோபிக்குத் திகதி தந்தால், அதற்கு முன் குடலைக் காலியாக்கிச் சுத்தமாக்க வேண்டும். எனக்கு முதல் திகதி பிழைத்தது இந்த இடத்தில்தான். குடல் சுத்தமாகவில்லை என்று பரிசோதனையைத் தள்ளி வைத்தார்கள். தந்த தாளில் "நார்ச்சத்துக் குறைந்த உணவு" என்று மட்டும் இருந்தது. எங்கள் வீட்டில் லேசான சாப்பாடு என்றால் பிட்டு. பிட்டில் தேங்காய்ப்பூ இருக்கிறது, அது குடலில் ஒட்டிக்கொண்டு கமெராவை மறைக்கும். அதனால் அந்தத் தாளை எங்கள் அடுப்படிக்கு ஏற்ற மாதிரி எழுதித் தருகிறேன்.

இரண்டு மூன்று நாளைக்கு முன்பிருந்தே விட வேண்டியவை: பிட்டு, சம்பல், சிவப்பரிசி, குரக்கன், கீரை, முருங்கைக்காய், பருப்பு, கச்சான், கஜு, கொய்யா, வெள்ளரி, விதையுள்ள எதுவும். சாப்பிடக் கூடியவை: வெள்ளைச் சோறு, வெள்ளை மா இடியப்பம், பாண், முட்டை, முள் நீக்கிய மீன், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு. சொதியை வடித்துவிட்டு ஊற்றுங்கள், வெங்காயமும் மிளகாயும் வேண்டாம்.

பரிசோதனைக்கு முந்தின நாள் திண்மமாக எதுவும் இல்லை. பால் விடாத பிளேன்ரீ, வடித்த இளநீர், தெளிந்த சூப், நிறமில்லாத சோடா குடிக்கலாம். நெக்டோ போன்ற சிவப்பு நிறப் பானம் கூடாது, உள்ளே இரத்தம் மாதிரித் தெரியும். இரும்புச்சத்துக் குளிசையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து குடிப்பவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது.

அப்புறம் குடலைக் கழுவத் தண்ணியில் கரைத்துக் குடிக்கத் தரும் அந்தப் பேதிப்பொடி. எத்தனை லீற்றரில், எத்தனை மணிக்கு என்பதை உங்களுக்குத் தந்த தாளில் உள்ளபடியே செய்யுங்கள். பாதியை முந்தின நாள் மாலையும் மீதியைப் பரிசோதனை அன்று காலையும் குடிக்கும் முறை நன்றாகச் சுத்தமாக்கும், அப்படிச் செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகக் குளிராக்கிக் குடித்தால் உப்புச்சுவை அவ்வளவு தெரியாது. குமட்டினால் அரை மணித்தியாலம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். மலசலகூடத்துக்குப் பக்கத்திலேயே இருங்கள், துடைக்காமல் தண்ணியால் கழுவுங்கள், தொடக்கத்திலேயே வாஸ்லின் பூசுங்கள். கடைசியில் சிறுநீர் மாதிரித் தெளிந்த மஞ்சளாகப் போக வேண்டும். இன்னும் கலங்கலாக இருந்தால் போனவுடன் தாதியிடம் சொல்லுங்கள்.

வாகரை, பொத்துவில் போன்ற தூர இடத்துக்காரர்கள் முந்தின நாளே டவுனில் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்குங்கள். அந்தப் பொடியைக் குடித்துவிட்டு பஸ் ஏற முடியாது.

5. அன்றைய நாள்

இடது பக்கம் சரிந்து படுக்க வைத்து, மயக்கம் தரும் ஊசி போடுவார்கள். வயிறு ஊதும், காற்றை அடக்காமல் விடுங்கள், எல்லோருக்கும் அப்படித்தான். அன்று மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது, கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். வீட்டுக்கு வந்தபின் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நிற்காத இரத்தம் வந்தால் உடனே திரும்பிப் போங்கள். அது அரிதாக நடப்பது, ஆனால் நடக்கும்.

சதைத் துண்டு எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட் பிறகு வரும். வாங்கும் திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வையுங்கள், கிளினிக் கொப்பி தொலையும்.

பின்சேர்க்கை

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி நோன்புக் காலத்தில் திகதி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பேதிப்பொடியோடு நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். பெருநாளுக்குப் பிறகு தள்ளலாமா என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். இரத்தம் போய்க்கொண்டிருந்தால் நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் பலர் எழுதியிருந்தீர்கள். சாப்பாடு இல்லாத நாளில் வழமையான இன்சுலினைப் போட்டால் சீனி ஆபத்தாக இறங்கும். திகதி தரும்போதே அளவைக் கேட்டுத் துண்டிலேயே எழுதி வாங்குங்கள், காலை முதல் ஆளாக விடச் சொல்லியும் கேளுங்கள்.

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்குக் குடல் புற்றுநோய் வந்திருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோபி பற்றிக் கதையுங்கள். என் தம்பிக்கும் திகதி எடுத்தாயிற்று.