முடக்குவாதம்: மூட்டைத் தாண்டியும் கவனிக்க வேண்டியவை

முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால் பொதுவாக வாரத்தில் ஒரே நாள்தான் போட வேண்டும். பெரிய தவறு, அதைத் தினமும் விழுங்குவது. வாய்ப்புண் கிளம்பும், எலும்பு மஜ்ஜை பாதித்து வெள்ளணுக்கள் சரியும், உயிருக்கே ஆபத்து. கிழமையை மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் (ஒரு வைட்டமின்) வேறொரு நாளில்.

ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம்) பரிசோதனை ஆரம்பத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. 3 மாதம் போனபின் 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், கல்லீரல் வலித்துச் சொல்லாது.

காய்ச்சல் வந்தால் அடுத்த மெத்தோட்ரெக்சேட் டோஸுக்கு முன் டாக்டரிடம் பேசுங்கள். ஸ்டீராய்டு வேறு கதை: வாரக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

விடாத வறட்டு இருமல், மாடியேறினால் மூச்சிரைப்பு என்றால் நுரையீரலைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் சிவந்து ஆழமாக வலித்தால் அன்றே கண் மருத்துவர்.

பின்தலைக்கு ஏறும் கழுத்துவலியோடு கை மரத்து, சட்டைப் பட்டன் போடத் தடுமாறுகிறதா? கழுத்தெலும்பு நழுவித் தண்டுவடத்தை அழுத்தலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்தில் சொடக்கு எடுப்பது கூடவே கூடாது. எந்த அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முடக்குவாதம் இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.