அட்டையும் நூலும் கொண்டு டி.என்.ஏ. கட்டுவோம்

டி.என்.ஏ. என்பது உயிர்களின் பரம்பரைத் தகவலைத் தாங்கும் மூலக்கூறு. முறுக்கிய ஏணிபோல, இரட்டைச் சுருளாக இருக்கும். அதன் அமைப்பு படத்தைப் பார்த்தால் பாதிதான் புரியும். கையால் கட்டினால் முழுசாகப் புரிந்துவிடும். பிரான்சிஸ் கிரிக்குடன் சேர்ந்து அந்த அமைப்பைக் கண்டறிந்த ஜேம்ஸ் வாட்சனுக்கும் அப்படித்தான். 1953 பிப்ரவரியில், கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில், பட்டறையிலிருந்து வரவேண்டிய உலோகத் துண்டுகள் தாமதமாக, பொறுமையிழந்து அட்டையை வெட்டி மேசையில் பரப்பினார்.

தேவை: கெட்டி அட்டை, பசை, ஒன்றரை மீட்டர் நூல் இரண்டு. அளவு: 1 ஆங்ஸ்ட்ராமுக்கு (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) 1 செ.மீ. அதாவது 10 கோடி மடங்கு பெரிது.

படி 1: வெட்டுதல்

ஏணியின் சட்டங்களாக வருபவை நான்கு காரங்கள். அவற்றில் அடினைன், குவானைன் அணுக்களாலான இரட்டை வளையம் உள்ளவை. இவற்றுக்கு 12 செ.மீ. துண்டுகள். தைமின், சைட்டோசின் ஒற்றை வளையம், 8 செ.மீ. (12, 8 நம் வசதிக்காக. கூட்டினால் 20 வரவேண்டும். அதுதான் சுருளின் குறுக்களவு.) நெட்டையில் 11, குட்டையில் 11.

படி 2: ஜோடி சேர்த்தல்

இதில்தான் விஷயமே இருக்கிறது, அவசரப்படாதீர்கள். நெட்டையோடு நெட்டையை வைத்தால் 24, ஏணி புடைக்கும். குட்டையோடு குட்டை 16, ஒடுங்கும். வாட்சனும் முதலில் ஒரே இனத்தை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துத்தான் தடுமாறினார். பாடநூல்களில் இருந்த மூலக்கூறு வடிவமே தவறு என்று அதே அறையில் இருந்த வேதியியலாளர் ஜெர்ரி டோனஹியூ சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. நெட்டையும் குட்டையும் சேர்ந்தால் எப்போதும் 20.

எந்த நெட்டைக்கு எந்தக் குட்டை? அடினைன், தைமின் ஓரங்களில் 2 கோடு போடுங்கள். குவானைன், சைட்டோசினில் 3. இவை இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள். கோடுகள் பொருந்தும் ஜோடிகளை ஒட்டுங்கள். ஒவ்வொரு ஜோடியும் ஏணியின் ஒரு சட்டம். அடினைன் எவ்வளவோ அவ்வளவு தைமின், குவானைன் எவ்வளவோ அவ்வளவு சைட்டோசின் என்று உயிர்வேதியியலாளர் எர்வின் சார்காஃப் முன்பே அளந்து சொல்லியிருந்தார். ஏன் அப்படி என்பதற்கு விடை இப்போது உங்கள் மேசைமேல் கிடக்கிறது.

படி 3: நூல் கோத்தல்

சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறி வரும் முதுகெலும்புதான் நூல். அது வெளிப்பக்கம்தான், அதாவது சட்டங்களின் இரு முனைகளிலும்தான் வரவேண்டும். 1951-இல் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் அதை உள்ளே வைத்து ஒரு மாதிரி கட்ட, டி.என்.ஏ.வை எக்ஸ்ரே படங்களால் ஆராய்ந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் வந்து பார்த்து, தவறு என்று காட்டிவிட்டுப் போனார். ஒரு நூலில் மேல்நோக்கியும் மற்றதில் கீழ்நோக்கியும் அம்புக்குறி ஒட்டுங்கள். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன.

படி 4: முறுக்குதல்

சட்டங்களுக்கிடையே உண்மையான தூரம் 3.4 ஆங்ஸ்ட்ராம், நம் அளவில் 3.4 செ.மீ. நான் முதல்முறை நூலிலும் 3.4 விட்டுக் கட்டினேன். எவ்வளவு திருகியும் முறுக்கு ஏறவே இல்லை. சுருளில் நூல் சாய்ந்து ஓடுவதால் 7 செ.மீ. விடவேண்டும். மேல்சட்டத்தைத் தொங்கவிட்டு, கீழ்ச்சட்டத்தை ஒரு முழுச்சுற்று திருப்புங்கள். உயரம் சுமார் 34 செ.மீ. ஆகும். முன்பக்க நூல் கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏறினால் சரி. இடமாக முறுக்கிய படங்கள் ஏராளம், நம்பாதீர்கள்.

இப்போது பக்கவாட்டில் பாருங்கள். முன்நூல் ஒரு சாய்வு, பின்நூல் எதிர்ச்சாய்வு. 1952-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஃபிராங்க்ளினின் வழிகாட்டலில் ரேமண்ட் காஸ்லிங் எடுத்த 51-ஆம் எக்ஸ்ரே படத்தில் பெருக்கல் குறி விழுந்தது இந்த இரு சாய்வுகளால்தான். ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமலே அதே கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ் அதை வாட்சனிடம் காட்டினார். அந்தக் குறியில் அடுக்கடுக்காக இருக்கும் புள்ளிகளின் இடைவெளியை அளந்து கணக்கிட்டால் கிடைப்பது 34 ஆங்ஸ்ட்ராம். நீங்கள் சற்றுமுன் பார்த்த 34 செ.மீ. அதுதான்.