மன்றம் என்ற சொல்லுக்கு வேர் தேடுவது எப்படி

காங்கேயத்தில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைகளில் 'மன்றாடியார்' என்று எத்தனையோ தடவை அச்சடித்திருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தலைக்கட்டுக் குடும்பமான பழையகோட்டைப் பட்டக்காரர்களின் பட்டம் அது. புரூஃப் பார்க்க வந்த ஒரு பெண், "ஏனுங்ண்ணா, மன்றாடறதுன்னா கெஞ்சறதுதானுங்க? பட்டக்காரருக்குப் போய் இந்தப் பேரு எப்படிங்க?" என்று கேட்டாள். பதில் தெரியாமல் அன்று இராத்திரி தூக்கம் வரவில்லை. அப்புறம் தேடியதில் எனக்குப் பிடிபட்ட முறையைச் சொல்கிறேன்.

'மன்றாடி'க்குள் இருப்பது மன்றம். முதலில் ஒரு தாளில் மன்றம் என்ற சொல் ஒட்டி வரும் இடங்களை எல்லாம் எழுதுங்கள். சட்டமன்றம், நாடாளுமன்றம், நகர்மன்றம், நீதிமன்றம், ரசிகர் மன்றம். எல்லாவற்றிலும் ஆட்கள் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் முன் நின்று முறையிடுவதுதான் மன்றாடுவது.

அடுத்து அகராதி. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனை எடுங்கள். முதல் பொருளோடு மூடி வைத்துவிடாதீர்கள், இதுதான் முக்கியம். 'மன்று' என்பதற்கு அவை, தில்லைச் சிற்றம்பலம் என்று படித்துக்கொண்டே இறங்கினால் மாட்டுத் தொழுவம் வருகிறது, பசுக்கூட்டம் வருகிறது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் மாடு மேய்வதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சட்டமன்றத்துக்குள் ஒரு தொழுவம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

சரி, ஒரே ஒரு அகராதியை நம்பலாமா? அக்கம்பக்கத்து மொழிகளிலும் கேளுங்கள். தெலுங்கில் 'மந்த' என்றால் கால்நடைக் கூட்டம். நீலகிரியில் தோடர்கள் எருமைகளோடு குடியிருக்கும் இடம் 'மந்து'. நம் 'மந்தை' ஆட்டுக்கூட்டமும்தான், ஊர்ப் பொது இடமும்தான். மொழியியல் அறிஞர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றையெல்லாம் ஒரே பதிவில் வைத்திருக்கிறது.

பிறகு பழைய பாட்டுக்குப் போங்கள். முருகன் இருக்கும் இடங்களைச் சொல்லும் திருமுருகாற்றுப்படை "மன்றமும் பொதியிலும்" என்கிறது. அங்கே மன்றம் என்பது ஊரார் கூடும் மரத்தடி. சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. கல்வெட்டையும் விடாதீர்கள். கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்காக 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். அவற்றை ஏற்றுக்கொண்டு நெய் அளந்த இடையரைச் சோழர் கல்வெட்டுகள் 'மன்றாடி' என்கின்றன.

ஒலி ஒத்துப்போகிறது என்று மட்டும் எதையும் முடிச்சுப் போடாதீர்கள். சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் 'பஞ்சவார வாரியம்' என்ற ஊர்ச்சபைக் குழுவின் பெயர்தான் பஞ்சாயத்து ஆயிற்று என்று நானே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. பஞ்சாயத்து, ஐந்தைக் குறிக்கும் 'பஞ்ச' என்ற வடசொல்லிலிருந்து வடக்கே உருவாகி இங்கே வந்த சொல்.

பத்திரிகைக் கட்டை வாங்க அந்தப் பெண் திரும்ப வந்தபோது, "கெஞ்சறதுங்கறது பின்னாடி வந்த அர்த்தம் அம்மணி. மாடு அடையற இடத்துலயும் ஊர் கூடற இடத்துலயும் பொறந்த சொல்லு இது" என்றேன். அவள் ஒரு பத்திரிகையைப் பிரித்து அந்தப் பெயரை மறுபடி வாசித்தாள்.