பழைய என்ஜின், புது டிகோடர்: மாதிரி ரயில் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனுக்கு வெளியே ஒரு சர்ச் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை பழைய பொம்மைச் சந்தை. ஒரு தம்பி கையில் அறுபதுகளில் வந்த ட்ரையாங் கம்பெனியின் மாதிரி நீராவி என்ஜினை வைத்துக்கொண்டு நின்றார். விலை 15 பவுண்டு. “அண்ணா, இதுல டிகோடர் போட்டா டிஜிட்டல்ல ஓட்டலாம்தானே?” என்று கேட்டார். டிகோடர் என்பது என்ஜினுக்குள் பொருத்தி, கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை. இருபது வருடங்களுக்கு முன் நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கீழே போடாதீர்கள், தூசி தட்டுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. தெரியாமல் பணம் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பெயரைப் பார்த்து வாங்குவது

பெட்டியில் ‘ஹார்ன்பி’ என்று இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் 1920-இல் கொண்டுவந்தது, சாவி கொடுத்து ஓட்டுகிற, ‘ஓ கேஜ்’ என்ற பெரிய அளவு ரயில். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்ளோ அதில் பாதி அளவு. 1964-இல் ட்ரையாங் குழுமம் மெக்கானோவை வாங்கியது. அதற்கு அடுத்து வந்த ‘ட்ரையாங் ஹார்ன்பி’ பெட்டிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் ட்ரையாங் சரக்குதான்.

டப்ளோவிலும் 1959 வரை வந்தவை மூன்று தண்டவாள ரகம். அந்த என்ஜின்களின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே மின்காப்பு கிடையாது. இன்றைய இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தவுடன் ஷார்ட் ஆகும். வாங்குமுன் என்ஜினைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிவயிற்றின் நடுவே மின்சாரம் எடுக்கும் உலோகத் தகடு துருத்திக்கொண்டிருந்தால் அது மூன்று தண்டவாள ரகம்.

அளவைக் கலப்பது

ஓஓ, எச்ஓ என்ற இரண்டு மாதிரி அளவுகளும் ஓடுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான். ஆனால் பிரிட்டிஷ் ஓஓ 1:76 (நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு), மற்ற நாடுகளின் எச்ஓ 1:87. பிரிட்டிஷ் என்ஜின்கள் நிஜத்திலேயே சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்குவதற்காக உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். இரண்டையும் ஒரே ரயிலில் கோத்தால் அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டியது போல இருக்கும்.

மோட்டாரைப் பிரிக்காமல் டிகோடர் போடுவது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

பழைய முறையில் தண்டவாளத்து மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகும். கன்ட்ரோலரைத் திருகினால் வேகம் கூடும், அவ்வளவுதான். டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) என்ற டிஜிட்டல் முறை வேறு. லென்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் தொண்ணூறுகளில் அதைத் தரப்படுத்தியது. அதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். எந்த என்ஜின் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்ற கட்டளையை உள்ளே இருக்கும் டிகோடர் படித்து மோட்டாருக்கு அளந்து கொடுக்கும். ஆகவே தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே டிகோடரைத் தவிர வேறு வழி எதுவும் இருக்கக் கூடாது.

ட்ரையாங்கின் எக்ஸ்04 மோட்டாரில் அப்படி ஒரு வழி இருக்கிறது. இரண்டு கார்பன் பிரஷ்களையும் அழுத்திப் பிடிப்பது ஒரே ஸ்பிரிங். அதன் ஒரு காலில் மட்டும் சின்னதாக ஒரு காப்பு உறை இருக்கும். மறு கால் வெறும் உலோகம். அது மோட்டார் சட்டத்தைத் தொடும், சட்டம் என்ஜினின் அடிச்சட்டமான சேஸைத் தொடும், சேஸ் ஒரு பக்கத்துச் சக்கரங்களைத் தொடும்.

எனக்கு இது தெரியாது. “சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, நாலே கம்பி” என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, 100 பவுண்டு கொடுத்து ஒலி டிகோடர் வாங்கிப் பற்றவைத்தேன். பாதையில் வைத்ததும் நீராவி சீறுகிற சத்தம் அழகாக வந்தது. வேகத்தைக் கூட்டினேன். சத்தம் நின்றது. கருகல் வாடை வந்தது. டிகோடரின் பிளாஸ்டிக் உறையில் மிளகளவுக்கு ஒரு கொப்புளம்.

ஸ்பிரிங்கின் மறு காலுக்கும் ஒரு காப்பு உறை மாட்டி, அந்தப் பக்கத்து பிரஷுக்குத் தனிக் கம்பி கொடுத்திருந்தால் தப்பித்திருக்கும். அந்த உறைக்குச் சில காசுகள்தான் ஆகும்.

டிகோடரை இணைக்குமுன் மல்டிமீட்டரை பீப் முறையில் வையுங்கள். ஒரு முனை மோட்டார் பிரஷில், மறு முனை சக்கரத்தில். இரண்டு பிரஷ்களையும் இரண்டு பக்கச் சக்கரங்களோடும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு தடவை பீப் என்றாலும் டிகோடரைத் தொடாதீர்கள். பழைய மோட்டார் சிக்கி நின்றால் ஒரு ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அதையும் அளந்து அதற்கேற்ற டிகோடர் வாங்குங்கள். முதல் சோதனையை எப்போதும் புரோகிராமிங் பாதையில், அதாவது டிகோடரை அமைப்பதற்கான தனித் தண்டவாளத்தில், செய்யுங்கள். அங்கே மின்சாரம் குறைவாகத்தான் வரும், தப்பிருந்தாலும் டிகோடர் பெரும்பாலும் பிழைக்கும்.

அந்தத் தம்பியின் என்ஜினை அங்கேயே மீட்டர் வைத்துப் பார்த்தோம். பீப் என்றது. என்ஜினை மட்டும் வாங்கிக்கொண்டார். இப்போதைக்குப் பழைய கன்ட்ரோலரிலேயே ஓட்டப்போகிறாராம்.

‘டிசிசி ரெடி’

பெட்டியில் இப்படிப் போட்டிருந்தால் உள்ளே டிகோடரைச் செருகும் சாக்கெட் மட்டும்தான் இருக்கும். டிகோடர் தனி விலை.

விரிசல் விட்ட வார்ப்பு

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே ஊதி வெடிக்கும். மருந்து கிடையாது, வாங்காதீர்கள்.

மறு பெயிண்ட்

வேண்டாம். உரிந்திருந்தாலும் பழைய பெயிண்ட்டே இருக்கட்டும்.

பெட்டி

அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே பழைய ஸ்பாஞ்ச் இருந்தால் அதை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வருடங்கள் போனால் அது பிசுபிசுத்து பெயிண்ட்டோடு ஒட்டிக்கொள்ளும்.