அடிக்கடி நின்றுபோகும் லேப்டாப்: ஃபார்மேட் போடும் முன் பார்க்க வேண்டியவை

லேப்டாப் தானாக ஆஃப் ஆகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால், பல நேரம் முதலில் வரும் பதில் "ஃபார்மேட் போட்டுடலாம்" என்பதுதான். விண்டோஸ் கெட்டிருந்தால் சரி. ஆனால் கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் தூசியும் செய்துவைத்த கோளாறை எந்த ஃபார்மேட்டும் தீர்க்காது. கோளாறு உள்ளே இருக்கும் பாகங்களிலா, விண்டோஸிலா என்று முதலில் பிரித்துவிட வேண்டும்.

தொடங்கும் முன் முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால், நாளைக்கு அந்த வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.

படி 1: எப்படி நிற்கிறது?

நீலத் திரை வந்து நிற்கிறதா (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் கறுப்புத் திரை), அப்படியே ஹேங் ஆகிறதா, எதுவும் சொல்லாமல் பட்டென்று அணைகிறதா? பட்டென்று அணைந்தால் சூடு அல்லது மின்சாரம் மீதுதான் முதல் சந்தேகம். திரை வந்து உடனே மறைந்துவிட்டால், சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நிற்கும். கீழே உள்ள ஸ்டாப் கோடை (எதனால் நின்றது என்று காட்டும் பிழைப் பெயர்) போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினால் எந்த நாளில் எது விழுந்தது என்று வரிசையாகத் தெரியும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்து பவர் சப்ளை போய்விட்டது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்வதில்லை.

படி 2: சூடு

அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறந்து, வழக்கமான வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டு, சிபியுவின் (பிராசசர்) வெப்பநிலையில் 'மேக்சிமம்' எண்ணைப் பாருங்கள். வேலை நடக்கும்போது 85 டிகிரி வரை கவலையில்லை. 95 முதல் 100-ஐத் தொட்டால் சிபியு தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள மெஷின் அணையும். அக்னி நட்சத்திரத்தில் மெத்தைமேல் வைத்து ஓட்டினால் நல்ல மெஷினே இந்த எண்ணைத் தொடும், ஆகவே மேசைமேல் வைத்துப் பாருங்கள்.

சூடு அதிகம் என்றால் ஷட் டவுன் செய்து, அடாப்டரை உருவி, பின்மூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிரியுங்கள். ஃபேனுக்கும், சூட்டை வெளியே கடத்தும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவே ஈரக்காற்றில் தூசி ஒட்டி கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். மேலோட்டமாக ஊதினால் அது வராது. ஃபேன் ஸ்க்ரூக்களைக் கழற்றி, இறக்கைகளை விரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போர்டில் படும். ஹீட் சிங்கைக் கழற்றினால் சிப்பின்மேல் இருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) துடைத்துவிட்டு, சிப்பின் நடுவே சிறு பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். ஸ்க்ரூக்களை அருகே அச்சிட்டிருக்கும் எண் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

மூடி திறந்திருக்கும்போதே பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். உப்பியிருந்தாலோ டச்பேடு மேலே தூக்கியிருந்தாலோ அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்தி மாற்றிவிடுங்கள்.

படி 3: ரேம்

கடலோரத்தில் ரேமின் (தற்காலிக நினைவகக் கார்டு) பொன்னிறப் பட்டைகள் மங்கிப்போவதுண்டு. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற ஸ்டாப் கோடு வந்தாலும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஸ்டாப் கோடு வந்தாலும் ரேமைச் சந்தேகியுங்கள். படி 2-இல் சொன்னபடி பேட்டரி கனெக்டரைப் பிரித்துவிட்டு, இருபுறக் கிளிப்பையும் விலக்கினால் கார்டு சாய்ந்து எழும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பட்டையைத் துடைத்து, காய்ந்தபின் சாய்வாகச் செருகி, கிளிப் சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பதும் உண்டு, ஆனால் துகள் ஸ்லாட்டில் விழாமல் பார்க்க வேண்டும். மெலிந்த மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைத்திருக்கும், கழற்ற முடியாது.

பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க 4 சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் தேறாது. இரண்டு கார்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று பிடிபடும்.

படி 4: டிஸ்க், கரன்ட்

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'காஷன்' என்று மஞ்சளாக வந்தாலோ, 'கர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்ற ஸ்டாப் கோடு வந்தாலோ டிஸ்க்கை மாற்றத் தயாராகுங்கள். கரன்ட் போய் இன்வெர்ட்டர் ஏறும் நொடியில் மட்டும் லேப்டாப் அணைகிறது என்றால் பேட்டரி செத்துவிட்டது என்று பொருள்.

படி 5: டிரைவர்

ஸ்டாப் கோடுக்குக் கீழே ஒரு ஃபைல் பெயரும் வந்தால் பெரும்பாலும் அது டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்). ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக 4-ஐ அழுத்தினால், அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடு வரும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் ரெகவரி கீ கேட்கும், முன்னதாகவே எழுதி வைத்திருங்கள். சேஃப் மோடில் நிற்காமல் ஓடினால், டிவைஸ் மேனேஜரில் சந்தேகப்படும் டிரைவரை 'ரோல் பேக்' செய்து பழைய பதிப்புக்குத் திருப்பலாம். கிராஃபிக்ஸும் வைஃபையும்தான் பெரும்பாலும் மாட்டும்.

இத்தனைக்கும் தெளியவில்லையா? விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' முறையில் இரண்டு மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். அதிலும் நின்றால் மெஷினில்தான் கோளாறு. போர்டைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதில் ஓடி விண்டோஸில் மட்டும் நின்றால், அப்போது தாராளமாக ஃபார்மேட் போடலாம்.