ஓடையிலிருந்து தொடங்குங்கள்: இலங்கை மலையகத்தில் அருகிவரும் உயிர்களை மீட்கத் திட்டமிடும் முறை

எங்கள் தோட்டத்தில் ஓடையைக் கடக்கும் ஒற்றையடிப் பாதையில், முழங்கால் உயரத்தில் ஒரு சுருக்குக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பி. ஒரு முனை யூக்கலிப்டஸ் மரத்தின் அடியில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மறுமுனை வட்டமாகச் சுருட்டி, பன்னச் செடிகளுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் நினைத்தது காட்டுப்பன்றியை. ஆனால் அந்தப் பாதையில் மரை என்னும் பெரிய மான் வரும், முள்ளம்பன்றி வரும், சிறுத்தையும் வரும். கம்பிக்கு ஆள் தெரியாது.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் இப்படி ஒரு கம்பியில்தான் கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும், சில நாட்களில் அது இறந்துவிட்டது. அன்று பலர் கண்ணீர் விட்டோம். கண்ணீருக்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாத நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விலங்கியல் படித்திருக்கத் தேவையில்லை. நான்கைந்து பேர், ஒரு குறிப்பேடு, ஒரு வரைபடம், ஓர் ஆண்டுப் பொறுமை இருந்தால் போதும்.

முதல் படி: தண்ணீரைப் பின்பற்றி வரைபடம் போடுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தங்கள் தோட்ட எல்லையை வரைந்து, அதற்குள் திட்டம் போடுவார்கள். சிறுத்தைக்கு அந்த எல்லை தெரியாது. நிர்வாகம் மாறினாலும் டிவிஷன் பிரிந்தாலும் ஓடை அதே இடத்தில்தான் ஓடுகிறது. ஆகவே ஓடையையே அலகாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாளை எடுத்து, உங்கள் ஊர் ஓடை எந்த உச்சியில் பிறக்கிறது, எந்த ஆற்றில் சேர்கிறது என்று பென்சிலால் தொடருங்கள். ஹோர்ட்டன் சமவெளியையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் எடுத்துக்கொண்டால், மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் இறங்குகிறது. அந்தச் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய மூன்றும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் மூன்றும் ஒரே பெயரின் கீழ் இருந்தாலும், நிலத்தில் நக்கிள்ஸ் மற்ற இரண்டிலிருந்தும் அறுபட்டுத் தனியே நிற்கிறது. இடையில் தேயிலை, மரக்கறித் தோட்டம், சாலை, ஊர். இந்த இடைவெளியில் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடு பெரும்பாலும் பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும்தான் இருக்கிறது. கொழுந்து நட முடியாத சரிவு என்று அன்று விட்டுவைத்த இடங்கள் இன்று உயிர்களுக்குப் பாலமாகியிருக்கின்றன.

ஓடைகளுக்கு எண் கொடுங்கள். ஒவ்வொன்றின் கரையிலும் மரம் தொடர்ச்சியாக இருக்கும் இடத்தைப் பச்சையாலும், அறுந்துபோன இடத்தைச் சிவப்பாலும் குறியுங்கள். சிவப்பு இடங்கள்தான் உங்கள் வேலைத்தளம்.

இரண்டாம் படி: நான்கு உயிர்களைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் காப்பாற்றுவோம் என்று தொடங்கும் திட்டம் எதையும் எண்ணாமலே முடிந்துவிடும். வெவ்வேறு தேவை உள்ள நான்கு போதும். எங்கள் பட்டியல் இது.

சிறுத்தைக்குப் பரந்த இடமும் இரையும் வேண்டும். தேவாங்குக்குக் கிளையோடு கிளை தொட வேண்டும். தரையில் இறங்கி நடப்பது அதற்கு ஆபத்து. ஹோர்ட்டன் சமவெளியின் மலைத் தேவாங்கு 1937இல் முதலில் அறியப்பட்டபின் மிக அரிதாகவே கண்ணில் பட்டது. 2009இல்தான் முதன்முறையாகப் படம் பிடிக்கப்பட்டது. மூன்றாவது, கொம்பு ஓணான். நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதை நன்றாகத் தெரியும்.

நான்காவது, நம் கால் பெருவிரல் அளவேயான புதர்த் தவளை. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த இனத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வருகின்றன. குளம் தேவையில்லை, ஈரமான சருகும் மண்ணும் போதும். காட்டை வெட்டி வெயில் உள்ளே விழுந்தால் முதலில் காய்ந்துபோவது இந்தச் சருகுதான். உலகில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட தவளை இனங்களில் பெரும் பங்கு நம் தீவைச் சேர்ந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் 1853இல் விவரிக்கப்பட்டு, பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் காணாத விண்மீன் புள்ளித் தவளை 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. ஈரச் சருகு இருந்த இடத்தில் அது காத்திருந்திருக்கிறது.

ஓர் உயிர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலின் வகைகள் சொல்லும். பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இவற்றில் எது நீண்டதோ அதில், எண்ணிக்கை 80 சதவீதம் குறைந்தால் மிகக் கடுமையான ஆபத்து. 50 சதவீதம் என்றால் ஆபத்து. 30 சதவீதம் என்றால் பாதிக்கப்படக்கூடிய நிலை. வேறு அளவுகோல்களும் உண்டு. தொடக்கத்தில் இது போதும்.

மூன்றாம் படி: "ஏன் குறைகிறது?" என்று ஐந்து முறை கேளுங்கள்

நான்கு உயிர்களுக்கும் நான்கு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதுங்கள். முதலில் எழுதும் காரணத்தோடு நின்றுவிடாதீர்கள். சிறுத்தை ஏன் இறக்கிறது? சுருக்கில் சிக்குகிறது. சுருக்கு ஏன்? பன்றிக்கு. பன்றிக்கு ஏன்? லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் போட்ட உருளைக்கிழங்கை ஒரே இரவில் தோண்டிவிடுகிறது. அந்தத் தோட்டம் ஏன் காட்டு விளிம்பில்? வேறு நிலம் தரப்படவில்லை. ஐந்தாவது கேள்விக்கு வரும்போது, சுருக்கு வைத்தவர் மீதிருந்த கோபம் தணிந்து, வேலி எப்படிப் போடுவது என்ற யோசனை தொடங்கியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் கம்பி வைத்தவர் யார் என்று தேடிப் போகவில்லை. காட்டோரம் கிழங்கு போட்டிருந்த ஏழு குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினோம். பன்றி இறங்கும் இரண்டு வழிகளை அவர்களே காட்டினார்கள். அங்கே மூங்கில் பட்டையும் பழைய தகரமும் வைத்து அடைத்தோம். வேலி அழகாக இல்லை, ஆனால் நிற்கிறது. அவ்வளவு தூரம் பேசாமல் பொலிசுக்குப் போயிருந்தால் கம்பி வேறு ஓடைக்கு நகர்ந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

சுருக்கில் விலங்கு உயிரோடு இருந்தால் கிட்டப் போகாதீர்கள், கூட்டம் சேர விடாதீர்கள். கூச்சலைக் கேட்டுத் திமிறும் ஒவ்வொரு முறையும் கம்பி இன்னும் உள்ளே இறங்கும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லிவிட்டு, பாதையின் இரு முனையிலும் ஆள் நிறுத்துங்கள்.

நான்காம் படி: எண்ணுங்கள், திரும்ப எண்ணுங்கள்

இன்று எத்தனை என்று தெரியாவிட்டால், நாளை கூடியதா குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? எண்ணுவதற்கு ஒரே விதிதான்: ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே பருவம், ஒரே அளவு நேரம்.

தவளைக்கு, மழை தொடங்கியபின் இருட்டில் ஓடைக்கரையில் ஓரிடத்தில் இருபது நிமிடம் அசையாமல் நின்று குரல்களை எண்ணுங்கள். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவம் பொருத்தமானது; நக்கிள்ஸ் கிழக்குப் பக்கம் என்றால் ஆண்டு இறுதி மழை. ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகும்முன் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள்; தவளைகளைக் கொல்லும் பூஞ்சை ஈரச் சேற்றில் பயணம் செய்யும். தேவாங்குக்கு, டோர்ச் முகப்பில் சிவப்பு வண்ணத்தாள் ஒட்டி மிக மெல்ல நடந்தால், கிளையில் இரண்டு செம்மஞ்சள் கண்கள் மின்னும். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணை வருத்தும். எதையும் கையில் பிடிக்காதீர்கள். காப்பகத்துக்குள் நுழையவோ, பிடித்து ஆராயவோ திணைக்கள அனுமதி கட்டாயம்.

சிறுத்தையைத் தேடி அலைய வேண்டாம். கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கேளுங்கள். எந்த மலையில் எச்சம் கிடந்தது, எந்த வடிகான் ஓரத்தில் அடிச்சுவடு இருந்தது, எந்தத் தேயிலைத் தூரடியில் குட்டிகள் கிடந்தன என்று அவர்களுக்கே முதலில் தெரியும். அவர்கள் சொல்வதைத் திகதியோடு எழுதுங்கள்.

ஐந்தாம் படி: வெட்டும்முன் பாருங்கள், பிறகு நடுங்கள்

சிவப்பாகக் குறித்த இடங்களில் இயற்கை மரங்களைக் கொண்டு வருவதுதான் நோக்கம். நாற்றுகளைத் தொலைவிலிருந்து வாங்காதீர்கள். அதே ஓடையின் மேற்பக்கக் காட்டோரத்தில் உதிர்ந்த விதையை, அனுமதி பெற்று எடுத்து, நிழலில் நாற்றுமேடை போடுங்கள். பைன் நிற்கும் இடத்தை மொட்டையடிக்கத் தேவையில்லை. சிங்கராசக் காட்டை ஒட்டிய பைன் தோட்டத்தில் சில வரிசைகளை எடுத்து, வெளிச்சம் விட்டு, நடுவில் இயற்கை மரங்களை நட்டபோது அவை நன்றாக வளர்ந்தன.

அந்நியச் செடியைக் கண்டதும் கத்தியைத் தூக்கும் ஆர்வம் எனக்கும் இருந்தது. ஆனால் நக்கிள்ஸின் இலைமூக்கு ஓணான், அடிக்காட்டைக் கெடுத்த ஏலக்காய்ச் செடிகளுக்கிடையிலும் வாழ்கிறது. ஒரே நாளில் ஏலத்தை முழுவதும் அகற்றினால் ஓணானின் வீட்டையும் அகற்றுகிறோம். ஆகவே முதலில் ஒரு வாரம் பாருங்கள். பிறகு துண்டு துண்டாக எடுங்கள். ஒரு துண்டில் புது மரம் நிழல் தந்தபின் அடுத்த துண்டு.

ஆறாம் படி: ஒரே தாளில் எழுதுங்கள்

ஓடை எண், உயிர், காரணம், செய்யும் வேலை, யார், எந்த மாதம், எதை எண்ணிச் சரிபார்ப்போம். இவ்வளவுதான். "சுருக்குகளைக் குறைப்போம்" என்று எழுதாதீர்கள். "மூன்றாம் ஓடையில் மாதத்துக்கு இரு முறை நடப்போம், அகற்றிய கம்பிகளின் எண்ணிக்கையை எழுதுவோம்" என்று எழுதுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். கீழே உள்ள தோட்டத்துக்கும் ஒன்று, ஓடை அங்கேயும்தான் போகிறது.

எங்கள் தாள், தொழிலாளர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். போன வாரம் அதில் எங்கள் குழுவில் இல்லாத யாரோ சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தார்கள்: "மூன்றாம் ஓடை. காலை ஆறரை. மரை அடி இரண்டு. கம்பி இல்லை."